சவுண்ட் செக்

முதலில் மைக்கைத் துடைக்கணும்.
எனக்கு முன்னால் பேசிய வட்டச் செயலாளர்
வெற்றிலை போடுகிறவர்.

ஹலோ. ஹலோ. ஒண்ணு, ரெண்டு.
மூக்காண்டி, உன் ஸ்நேர் டிரம்
தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுற மாதிரி இருக்கு.
நல்லாருக்குல. அப்படியே விடு.

பதினாறு வயதில்
முருகன்குறிச்சி சபைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினார்கள்.
நான் பாட்டு மாதிரி பாடவில்லை,
புகார் மாதிரி பாடுகிறேனாம்.
இருபத்திரண்டு வருஷத்தில்
இதைவிடச் சரியான விமர்சனம் யாரும் எழுதவில்லை.

முதல் கச்சேரி, வண்ணார்பேட்டையில் ஒரு மொட்டைமாடி.
நாற்பத்தொரு பேர். அதில் பதினேழு பேர்
பக்கத்து மண்டபத்துக்கு வந்து படி மாறி ஏறியவர்கள்.
இரண்டாம் பாட்டில் கரண்ட் போனது.
கிட்டார் செத்தது.
ஷேக் மைதீன் பேஸைக் கீழே வைத்தான்.
நான் நிறுத்தவில்லை.
துணிச்சல் என்று எழுதினார்கள்.
இருட்டில் இறங்குகிற படி தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு சென்னையில் ஓர் ஏசி அறை.
"மண் வாசனை வேணும் மேடம்.
அருவா, ஆறு, அல்வா, ஏதாவது போடுங்க."
பாட்டின் உரிமை அவர்களுக்கு,
பயணச் செலவு எனக்கு.
அல்வா எங்க ஊருதான் சார்,
கொடுக்கிறது நீங்களால்லா இருக்கு,
சொல்லிவிட்டு எழுந்தேன்.
நெல்லை எக்ஸ்பிரஸில் நின்றுகொண்டே வந்தேன்.
கோவில்பட்டி தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது,
ஒரு பாட்டுக்கு இரண்டாம் சரணமும்.

பகலில் பாளை இ-சேவை மையத்தில்
சாதிச் சான்று, இருப்பிடச் சான்று,
ஆட்களை ரெண்டு எம்பிக்குள் சுருக்கி ஏற்றுகிற வேலை.
போன வருஷம் பாட்டு தந்தது
நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
எனக்கு நானே வருமானச் சான்று போட்டபோது
தொழில் பட்டியலில் பாடகி இல்லை.
'இதர' இருந்தது.
மூன்றாவது ஆல்பத்துக்கு அதுதான் பேரு.

ரெக்ஸ்லின், நீ ஸ்பீக்கர் மறைவில் நிற்கிறது தெரியுது.
'சாவிய வச்சிட்டுப் போ' உன்னைப் பற்றித்தான்.
வண்டி நம்பரை மட்டும் மாத்தினேன்.
ஆனால் அன்னைக்கு ராத்திரி
முதல் தட்டை எறிஞ்சது நான்.
பாட்டில் அது இல்லை. எதுகை இடிச்சுது.
இல்ல, பொய். பயந்துட்டேன்.
இன்னைக்கு அந்த வரியோடு பாடுவேன்,
இருந்து கேட்டுட்டுப் போ. போனாலும் சரி.

மானிட்டர்ல என் குரலைக் குறைங்க அண்ணாச்சி,
எனக்கு என்னைத் தெரியும்.
வெளிய கூட்டுங்க.
ஆத்துப் பாலத்தில் பஸ்ஸுல நசுங்கிப் போறவன்
யாருல இவ-ன்னு
ஒரு தடவை திரும்பட்டும்.