ஒரு நாள் வாடகை

நானூறு ரூபாய்க்கு ஒரு நாள் சாவி.
பாதி இப்போது, பாதி ஷூ கிடைத்த பிறகு
என்று அடித்துப் பேசினேன்.
முழுசாய் வாங்கிக்கொண்டு இரவோடு இரவாய்ச்
சாவியை மாற்றியவன் ஒருவனைத் தெரியும்.
கார்டில் ஒரு ஜோடியின் விலை மட்டும் போட்டேன்,
ஒரு ரூபாய் கூடுதல் இல்லை.

காலை பதினொன்றுக்குத் திறக்கும் கடை.
பத்து ஐம்பதுக்குத் தொண்டியில் கரண்ட் போனது.
லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றி
ஐஸ் கம்பெனிக்கு ஓடினேன், அங்கேதான் ஜெனரேட்டர்.
பாளம் உடைக்கும் சத்தத்தில்
பாட் தானே கூடையில் போட்டது,
தானே என் முகவரி எழுதியது,
நான் மூச்சு விடுவதற்குள்
இரண்டு ஜோடி.
ஒன்று கார்டில் காசில்லாமல் திரும்பிப் போனது. போகட்டும்.

தேவகோட்டையிலிருந்து கூரியர் வர ஒன்பது நாள்.

"போட்டுப் பார்த்தியா தாயி?" என்றார் சீமைச்சாமி,
பாதமெல்லாம் உப்பு வெடிப்பு, கையில் ஐஸ் கொக்கி.
"டப்பாவைத் திறந்தாலே ரெண்டாயிரம் குறையும்."

வாங்கி, எடை பார்ப்பதுபோல் இருமுறை தூக்கினார்.
"கருவாட்டையே மோந்து பாத்துத்தான் வாங்குறான்,
இதை எவன்..."

பெங்களூரில் ஒருவன்,
என் முழுப்பெயர்கூடத் தெரியாது,
பணம் அனுப்பிவிட்டான்.

சாவிக்காரனுக்கு மீதி இருநூறு
இன்னும் நான் அனுப்பவில்லை.