முகப்பவுடர்

கிர்காவ், மூன்றாம் மாடி. தேக்குப் பலகைத் தளம்.
தண்ணீர் கூடாது, ஒட்டப் பிழிந்த துணியால்
ரேகை ஓடும் திசையிலேயே துடைக்கணும் என்று
சாவி தரும்போதே சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.
வாளித் தண்ணீரை வீசிக் கழுவிய கை எனக்கு.
பழக மூன்று மாதம் ஆனது.

ஆடி மழையில் பலகைகள் உப்பின.
கதவிலிருந்து கட்டில் வரை
பதினோரு எட்டு, ஒன்பது கிறீச்.
ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவள்
என் வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரி நடந்தேன்.

ஒரு ஞாயிறு முழுக்க முட்டி போட்டு
இடுக்கு இடுக்காய் முகப்பவுடர் தூவி
பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தள்ளினேன்.
தளம் வாயை மூடிக்கொண்டது.

புதன்கிழமை கீழ்வீட்டு சுனந்தா பெட்ணேகர்
கதவைத் தட்டினார்.
பருப்பில் மல்லிகை வாசம் என்றார் இந்தியில்.
மன்னிப்புக் கேட்குமுன்
என் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து,
"மூணு நாளா ஒண்ணரை மணிக்குச் சத்தமே இல்லை.
மாத்திரை போட மறந்துபோகுது."

இன்றிரவு
கட்டிலருகே ஒரே ஒரு பலகையின் இடுக்கை
ஹேர்பின்னால் கிண்டிவிட்டு
குதிகாலை நன்றாக ஊன்றினேன்.
கீழே டம்ளர் வைக்கிற சத்தம்.

கிண்டிய பவுடர் எதில் விழுந்ததோ.
நாளைக்குத் தெரியும்.