நானூற்றுப் பன்னிரண்டு மறுப்புகள்

துறைமுகக் கிளை அலுவலகத்தில்
கோப்பு அலமாரிக்கும் சாமி படத்துக்கும் நடுவே
சர்வரிடமிருந்து கொஞ்ச நாளாக ஒரு சத்தம்:
பேச எழுந்தவர்
தொண்டையை மட்டும் செருமிவிட்டு உட்காருவது போல.

உப்புக் காற்று, என்றார் செயலாளர் தணிகைநாதன்.
கடலூரில் எது கெட்டாலும் உப்புக் காற்றுதான்.

பதிவேட்டைத் திறந்தேன்.
வட்டைக் கவனிக்கும் சிறு நிரல்
அரை மணிக்கு ஒருமுறை போய்க் கேட்டிருக்கிறது:
உடம்பு எப்படி இருக்கு?
அரை மணிக்கு ஒருமுறை காவல் விதி சொல்லியிருக்கிறது:
அனுமதி இல்லை.
எட்டரை நாளில் நானூற்றுப் பன்னிரண்டு தடவை.
கேட்டதற்கும் சலிப்பில்லை,
மறுத்ததற்கும் கோபமில்லை.

பூட்டியது நான்தான்.
போன மாதத் தணிக்கையில்
எல்லாவற்றையும் பூட்டு என்றார்கள், பூட்டினேன்.
உள்ளே இருப்பது லேசான சமாச்சாரம் இல்லை.
ஆயிரத்து எழுநூறு பேரின் ஆதார், வங்கிக் கணக்கு.
தடைக்கால நிவாரணத்துக்குக் காத்திருக்கும்
சோனாங்குப்பம், அக்கரைக்கோரி, ராசாப்பேட்டை.

ஒரு வரி தட்டினால்
காவல் மொத்தமும் தூங்கிவிடும்.
விரல் அங்கேதான் இருந்தது.
ஆனால்
வட்டிடம் நலம் கேட்கிற அதே வழியில் போய்
அழிந்து போ என்றும் சொல்லலாம்.
கேள்விக்கும் கட்டளைக்கும் ஒரே வாசல்.

ஜன்னலுக்கு வெளியே உப்பனாறு.
கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள்.
தடை முடிய இன்னும் இருபத்திரண்டு நாள்.
ஒருத்தன் மட்டும் டார்ச்சோடு
தன் படகின் அடிவயிற்றுக்குள் இறங்கினான்.
தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தான்.
வாளியால் நாலு முறை இறைத்தான்.
மேலே வந்து பீடி பற்றவைத்தான்.
மீன்வளத்துறை ஜீப் அவனைத் தாண்டிப் போனது,
நிற்காமல்.

திரும்பி வந்து ஒரே ஒரு விதி எழுதினேன்.
இந்த நிரல் மட்டும், இந்த வட்டை மட்டும்,
விடியற்காலை மூன்று பத்துக்கு.
எண்களைக் குறித்து வைத்துவிட்டுச்
செத்துப்போக வேண்டும்.
மற்றவர்கள் குறிப்பை மட்டும் படிக்கலாம்.
மூன்று முறை தப்பாக எழுதினேன்.

காலையில் முதல் பதில்:
பழுதாகி மாற்றி ஒதுக்கிய பகுதிகள்
நூற்று எண்பத்து நாலு.
போன வாரம் எத்தனை இருந்தது என்று
இனி யாராலும் சொல்ல முடியாது.

புது வட்டுக்கு கொட்டேஷன் கேட்டு எழுதினேன்.
எட்டிப் பார்த்தார் தணிகைநாதன்.
இப்போ பூட்டியிருக்கா, திறந்திருக்கா?

சர்வர் மறுபடி செருமியது.
நகலெடுப்பு
நாற்பத்தொரு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.