அடிக்குறிப்பு 41

லோன்ட்ரினாவில் ஜூன் மாதக் குளிர்.
பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில்
என் மேசைமேல் வால்தெசீரின் நோட்டு.
அட்டையில் சிறையின் முத்திரை.
ஒவ்வொரு தாளின் மூலையிலும்
ஒரு காவலரின் அவசரக் கையெழுத்து:
பார்க்கப்பட்டது.
பார்க்கப்பட்டது.

ஒரு புத்தகம் படித்து
அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தந்தால்
தண்டனையில் நான்கு நாள் குறையும்.
அவருக்கு ஒரு பக்கம் போதவில்லை.
நாவலில் ஓடும் ஆற்றில் இறங்கி
தன் ஊர் ஆற்றில் கரையேறுகிறார்;
அங்கே உட்கார்ந்து
ஏழு பக்கத்துக்கு மீன் செதில் சீவுகிறார்.
ஓரத்தில் மதிப்பீட்டாளர்: "தலைப்பிலிருந்து விலகல்."
நாள் குறையவில்லை.

என் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கோபுரம் உண்டு.
உள்ளே ஆளில்லாவிட்டாலும்
சுற்றியுள்ள அறைகள் முதுகை நிமிர்த்திக்கொள்ளும்.
அழகான கோட்பாடு.
நோட்டில் கோபுரம் வருகிறதா என்று தேடினேன்.
வருகிறது, ஒரே இடத்தில்:
"கோபுரத்துக் காவலருக்கு மூன்று நாளாக இருமல்.
எங்கள் வரிசையில் எல்லோரும் எண்ணுகிறோம்.
நேற்று ராத்திரி நாற்பத்தாறு."

இதை எந்த உள்தலைப்பில் வைப்பது?
அதிகாரம், எதிர்ப்பு, உடல் என்று
மூன்று பெட்டியிலும் போட்டுப் பார்த்தேன்.
ஒன்றுக்கும் மூடி பொருந்தவில்லை.
இருமல் வெளியே கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு அந்தக் கிழிசல்.
ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே
ஒரு தாள் இல்லை.
அடுத்த தாளில் அழுத்தி எழுதிய பேனாவின் தடம்,
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

காப்பாளர் திர்சே காப்பி குடிக்கப் போயிருந்தார்.
கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
(இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை)
பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன்.
சாம்பலுக்குள்ளிருந்து வெள்ளை எழுத்து எழுந்தது:

"ஜோய்சி, உன் காலணி
முப்பத்தொன்றா முப்பத்திரண்டா?
அம்மாவிடம் கேட்காதே.
கட்டைவிரல் நுனியிலிருந்து குதிகால்வரை
ஒரு நூலை வைத்து அளந்து வெட்டு.
நூலை மட்டும் அனுப்பு."

பென்சில் தூளை ஊதினேன். போகவில்லை.
காவலர் பார்க்காத ஒரே தாள் அது.
இப்போது அதிலும் பார்க்கப்பட்டது.

ஆய்வேட்டில் அந்த இடத்தில்
41 என்று ஒரு சிறிய எண் நிற்கிறது.
பக்கத்தின் அடியிலும் 41,
எதிரே ஒன்றுமில்லை.
பேராசிரியர் ஒதாசிலியோ சிவப்பில் வட்டமிட்டு
அச்சுப்பிழை என்றார்.
ஆமாம் என்றேன்.

திருத்தித் தர முப்பது நாள் அவகாசம்.
அதில் நான்கு குறைந்துவிட்டது,
ஒரு பக்கமும் எழுதாமலே.