அரை மில்லி

ஏலத்தில் எடுத்த பொதுப்பணித்துறை புல்லட்,
எழுபத்தொன்பதாம் வருடத்துப் பச்சை.
முன்சக்கரத்து டிரம் பிரேக்கைப் பிடித்தால்
யோசித்துச் சொல்கிறேன் என்னும்.
வெண்ணாற்றுப் பாலத்து இறக்கத்தில் ஒருநாள்
நெல் லாரியின் பின்பலகை எழுத்தை
மூக்கால் வாசித்தேன்.
அந்த வாரமே டிஸ்க் வாங்கிவிட்டேன்.

பழைய ஃபோர்க்கில் புதுக் காலிப்பர் உட்காராது.
கூத்தாநல்லூர் லேத்தில் ஜபருல்லா
எட்டு மில்லி அலுமினியத் தகட்டில்
தாங்கி அறுத்துத் தந்தார்.
என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார்.
மாட்டாஸ்பத்திரி என்று மூன்றுமுறை திருத்திப் பார்த்துவிட்டு
நானும் டீச்சராகவே இருந்துகொண்டேன்.

பூட்டினோம். பிரேக் ஆயில் ஊற்றினோம்.
சிந்திய ஒரு துளி
மட்கார்டின் பச்சையை உரித்தது.
லிவரோ
குட்டையில் எருமை படுப்பதுபோல்
கைப்பிடியில் போய்ச் சாய்ந்தது.
காற்று, என்றார்.
மேலே அழுத்தி, கீழே திறந்து
அழுத்தி, திறந்து
இரண்டு பாட்டில் காலி.

காற்று மேலேதானே ஏறும்,
அதை ஏன் கீழே விரட்டுகிறோம்?
பையில் ஐம்பது மில்லி சிரிஞ்சு இருந்தது,
கன்று ஈன்ற பசுவுக்குக் கால்சியம் ஏற்ற, புதிது.
நிமிர்த்திப் பிடித்து, சுண்டித் தட்டி,
வழக்கம்போல் குமிழை வெளியேற்றி,
காலிப்பர் நிப்பிளில் குழாய் சொருகி
கீழிருந்து மெல்ல ஏற்றினேன்.
மேல் கிண்ணத்தில்
ஒன்று,
இன்னொன்று,
பிறகு கடுகு வெடித்ததுபோல் ஒரு கூட்டம்.
லிவர் கல்லாய் நின்றது.
ஜபருல்லா டீ சொன்னார்.

வடபாதிமங்கலம் நெருங்கும்போது
பின்னாலிருந்து யாரோ இழுப்பதுபோல் இருந்தது.
பிரேக்கைத் தொடவேயில்லை நான்.
இறங்கித் தள்ளினால் நகரவில்லை.
டிஸ்கில் தண்ணீர் தெளித்தேன்,
தோசைக்கல் பேசியது.
புங்கமரத்தடியில் கால்மணி நேரம்.
ஆறியதும் தானாக விட்டது,
ஒன்றுமே நடக்காததுபோல்.

நான்கு நாள் இதே கதை.
அவர் என் சிரிஞ்சைச் சந்தேகித்தார், வாய்விட்டு.
நான் அவர் தகட்டைச் சந்தேகித்தேன், வாய்திறக்காமல்.
ஐந்தாம் நாள்
தகட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டு
மன்னார்குடியில் வேறொரு லேத்தில் அளக்கக் கொடுத்தேன்.
அந்த ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
யாரும்மா செஞ்சது, சுத்தமான வேலை, என்றார்.
பஸ்ஸில் வரும்போது மடியில் அது கனத்தது.

அடுத்தமுறை பிடித்துக்கொண்டபோது
ஆறும்வரை காத்திருக்கவில்லை.
நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
சுர்ரென்று பீய்ச்சியது.
சக்கரம் சுழன்றது.

சூட்டில் பெருத்த எண்ணெய்க்கு
வந்த வழி உண்டு, திரும்பும் வழி இல்லை.
கார்த்திகை மழையில் வடிகால் அடைத்தால்
இங்கே ஒவ்வொரு வயலும் படும் பாடு.

கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள்:
ஒன்று பெரிது, ஒன்று ஊசிமுனை.
ஊசிமுனையைப் பிஸ்டன் மூடிக்கொண்டிருந்தது,
முழுதாகப் பின்வாங்க முடியாமல்.
அதை முட்டிக்கொண்டிருந்தது
அழகுக்காக நான் மாட்டிய
பழைய பளபளப்பு லிவர்.
நான்தான்.

குளம்பு ராவும் அரத்தால்
அதன் மூக்கை அரை மில்லி தேய்த்தேன்.
லிவர் இப்போது லேசாக ஆடும்,
பிறகுதான் பிடிக்கும்.

கோரையாற்றங்கரையில் சோதித்துப் பார்த்தேன்.
சாலையெங்கும் குறுவை வைக்கோல்.
அதைத் தாண்டி வேகமெடுத்த இடத்தில்
மேட்டிலிருந்து இறங்கின வாத்துகள்,
நானூறு, ஐந்நூறு, முடிவில்லாமல்.
இரண்டு விரல்.
நின்றது.
மேய்ப்பவன் என்னைப் பார்க்கவில்லை,
எண்ணிக்கொண்டிருந்தான்.
கடைசி வாத்து போனதும்
கிளட்சைப் பிடித்துக் காலால் உந்தினேன்,
வண்டி மறுப்பின்றி உருண்டது.

நிற்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் இருக்கிறது.
இருக்கட்டும்.

தகடு எப்படி டீச்சர், என்றார் ஜபருல்லா.
சுத்தமான வேலை, என்றேன்.
அந்தச் சொல் எங்கே கிடைத்தது என்பதை
இன்னும் சொல்லவில்லை.