விவேகானந்த மேடு, இருபத்தாறாவது தடவை

கொழும்பில் மலை இல்லை.
இருப்பது இந்த மேடு.
கீழே பூட்டிய மரக்கறிக் கடையில் தொடங்கி
மேலே ஒரு மின்கம்பத்தில் முடிந்துவிடுகிறது.
ஆகவே நாற்பது தடவை.

காலை நாலரை.
ஜம்பட்டா வீதிப் பக்கமிருந்து பாண் வாசம்.
அடிவாரத்துக்கு முன்னரே கியரை இறக்கிவிட வேண்டும்,
ஏறத் தொடங்கியபின் இறக்கினால்
செயின் பல்லைக் கடிக்கும்,
சிலவேளை கழன்றும் விடும்,
விரலெல்லாம் கிரீசோடு நடுவீதியில் நிற்பேன்.

இருக்கையை விட்டு எழும்பாதே.
கைப்பிடியை நெரிக்காதே.
தோளைக் காதிலிருந்து இறக்கு.
உச்சியைப் பார்க்காதே,
முன்சில்லுக்கு ஆறடி தள்ளிப் பார்:
கொத்துரொட்டி சுற்றிய தாள்,
பிழிந்த தேசிக்காய்,
யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து.
ஆறடிக்குள் எந்த வீதியும் மட்டம்தான்.

என்னிடம் வாட் காட்டும் கருவி இல்லை,
அதன் விலைக்கு அன்செல்ம்
பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறான்.
என் அளவுகோல் வேறு.
அடையாள அட்டை இலக்கத்தை
சத்தமாக, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.
எழுபத்தெட்டில் தொடங்கும்,
பிறகு பெண்ணென்று ஐந்நூறு கூட்டிய பிறந்தநாள் கணக்கு,
பிறகு நாலு எண்,
கடைசியில் ஒரு 'வீ'.
பாதியில் மூச்சு உடைந்தால் வேகம் கூடிவிட்டது.
சொல்லி முடித்தும் பேச்சு மிஞ்சினால் போதவில்லை.
'வீ' வரும்போது நெஞ்சு
சற்றே காலியாக இருக்க வேண்டும்.

இதே மேட்டின் தலையில்
மணல்மூட்டை அடுக்கியிருந்த காலத்தில்
ரியூஷன் விட்டு வரும் வழியில்
டோர்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்க
அதைச் சொல்லிப் பழகினேன்.
அப்போதும் மூச்சு வாங்கக் கூடாது.
வாங்கினால்
ஏன் ஓடி வந்தாய் என்று கேட்பார்கள்.

போன வருடம்,
பெயர் ஒழுங்காக வாயில் வராத ஓர் ஊரில்,
நூற்றெண்பது கிலோமீட்டரில் எட்டு ஏற்றம்.
முதல் ஏற்றத்திலேயே ஒருத்தி என்னை முந்தினாள்.
எழும்பி நின்று மிதித்தேன்.
பிடித்தேன். முந்தினேன்.
ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.
அந்தக் கைதட்டலுக்கான பில்
ஓட்டத்தில், இருபத்தேழாம் கிலோமீட்டரில் வந்தது.
தொடை இரண்டும் உப்புக்கண்டம்.
மிச்சத்தை நடந்தேன்.
அவள் சின்னச் சின்ன அடியாய் ஓடி வந்து
'ஹலோ' சொல்லிவிட்டுப் போனாள்.
மரியாதையானவள்.

அன்செல்ம் இப்போது என்னைக் கடக்கிறான்,
நின்றபடி, சைக்கிள் இருபக்கமும் ஆட.
போகட்டும், அவனுக்குக் குறுந்தூரம்.
எனக்கு இதற்குப் பிறகு
ஒரு மரதன் இருக்கிறது,
எப்போதும் இருக்கிறது.

உச்சியில் காலை விடாதே.
கம்பத்தைத் தாண்டி இன்னும் இருபது மிதி,
பிறகு தண்ணீர்,
பிறகு அரை வாழைப்பழம், பசிக்கு முன்னால்.

முதல் கிழமை துரத்திக் குரைத்த நாய்
இப்போது குரைப்பதில்லை.
பக்கத்தில் வருகிறது.
ஓடியல்ல, நடந்து.
கொஞ்சம் அவமானம்தான்.

எழுபத்தெட்டு, ஆறு, ஒன்று...
பால் பக்கெட் இறக்குபவன்
பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்புகிறான்,
யாரும் கேட்காமல்
தன் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு
மெதுவாக மேடேறும் ஒருத்தியைப் பார்த்து.