ஆறு குழிகள்

வெருலத்தில் வீடு வாங்கி மூன்று மாதம்.
மின்கட்டண ரசீதின் முதுகில்
தோட்டம் வரைந்தேன்.
வாசலிலிருந்து ஏழடி தள்ளிக் கறிவேப்பிலை.
சமையலறைச் சன்னலுக்கு நேரே எலுமிச்சை.
லிச்சி வேண்டாம் என்றார் பூபாலன்,
குரங்குகளுக்கு நாம் ஏன் பந்தி போடவேண்டும்.
வேண்டும் என்றேன்.
ரசீதில் லிச்சி இருக்கிறது.

முருங்கையை மட்டும் மதிலோரம் ஒதுக்கினேன்.
பேய்க்கு வாழ்க்கைப்பட்டால்
ஏறுவதற்கு ஒரு மரம் வேண்டாமா
என்று நான் கேட்டது
அவருக்குப் பாதிதான் புரிந்தது.
என் தமிழ் தேவகோட்டையிலிருந்து
விமானத்தில் வந்தது.
அவருடையது கப்பலில் வந்து
கோயில் வாசலோடு நின்றுவிட்டது.

சனி ஞாயிறுகளில் ஆறு குழி தோண்டினேன்.
இந்த ஊர்ச் செம்மண்
கைரேகைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு
எந்தச் சோப்புக்கும் இறங்குவதில்லை.
ஆறாவது, எலுமிச்சைக்கானது,
இடுப்பளவு போனதும் வேறு மாதிரி ஒலித்தது.
ஒரு தோல் பட்டை. பித்தளைத் தகடு.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்:
புரூனோ.
அதற்குக் கீழே, சீப்பின் பற்கள்போல,
விலா எலும்புகள்.
பெயரைப் படித்துவிட்டபின்
எப்படி மேலே தோண்டுவது?
ஒரு சாண் மண்ணைத் திரும்ப இட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசி நாள்,
கேட்டைத் தட்டினார்கள்
கிரீசனும் பக்கத்து வீட்டு நொம்புசோவும்.
அவன் எலும்புக்கூடு. அவள் வௌவால்,
கிழிந்த குடையின் துணிதான் சிறகு.
"ஆன்ட்டி, குழிகளை ஒரு ராத்திரி வாடகைக்குத் தருவீர்களா?
மாலில் பேய் வீட்டுக்கு எண்பது ராண்ட்.
நாங்கள் ஐந்துதான் வாங்குவோம்.
அதில் உங்களுக்கு ஒன்று."

வடக்கே அறுவடை முடிந்த கையோடு
இலையுதிரும் மாதத்தில் கிளம்புகிற பேய்
இங்கே வந்து சேரும்போது வசந்தம்.
பூசணிக்கு இனிமேல்தான் விதை போடவேண்டும்.
கடையில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றே ஒன்று இருந்தது.
விலையைப் பார்த்துவிட்டுப்
பப்பாளியைச் செதுக்கினார்கள்.
ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே.
மூக்குவழியே விதைகள் ஒழுகின.

எட்டு மணிக்கு, அட்டவணை தவறாமல்,
மின்சாரம் போனது.
இருட்டுக்குக் காசில்லை.
கறிவேப்பிலைக் குழியிலிருந்து ஒரு முனகல்.
லிச்சிக் குழியிலிருந்து மாவு பூசிய ஒரு கை.
முருங்கைக் குழியில் யாரும் இல்லை,
அதுதான் இருப்பதிலேயே பயம் என்றாள் நொம்புசோ.
எலுமிச்சைக் குழியருகே
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.
இங்கே வேண்டாம், பாம்பு இருக்கிறது.
பேய்களைப் பார்த்துச் சிரித்த தகப்பன்மார்கள்
செருப்பைச் சரிசெய்துகொண்டு
சுற்றிப் போனார்கள்.

படுக்கை விரிப்புக்குள் ஒரு சின்னப் பேய் மட்டும்
நகரவில்லை.
"பாம்பு இல்லை. பொய். யார் உள்ளே?"
"புரூனோ."
"நல்லவனா?"
"தெரியாது. நானே புதிதாகக் குடிவந்தவள்."
விரிப்பின் ஓட்டைவழி ஒரு மிட்டாய் வந்தது,
பாதி சப்பியது.
குழிக்குள் விழுந்தது.

தீபாவளிக்கு முந்திக்கொண்டு
எங்கோ ஒருவர் வெடித்த வெடியில்
தெருவின் நாய்கள் எல்லாம் ஊளையிட்டன.
ஒன்றைத் தவிர.

மறுநாள் குரங்குகள் வந்து
மிட்டாயைக் காகிதம் பிரித்துத் தின்றன,
பப்பாளி முகத்தையும்.
என் பங்கு இருபத்திமூன்று ராண்ட்.
எலுமிச்சையை நாலடி இடப்பக்கம் தள்ளி நட்டேன்;
இப்போது சன்னலில் நின்றால்
எலுமிச்சை தெரியாது,
பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.
பழைய குழியை மூடியாயிற்று.

மூன்றாவது வாரம், மழைக்குப் பிறகு,
அங்கே ஒரு முளை. நகத்தளவு இலை.
ரசீதில் பப்பாளி இல்லை.
பிடுங்கக் குனிந்தவள்
பூபாலனைக் கூப்பிட்டேன்.
அவர் தேநீரோடு வந்து நின்று பார்த்தார்.
ஆணா பெண்ணா
பூக்கும்வரை தெரியாது என்றார்.